259 ஆண்டுகள் பிடிபடாத 21 இலக்க எண்: உங்க செல்போன் பாதுகாப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

147573952589676412927.

இது யாருடைய வங்கிக் கணக்கு எண்ணும் இல்லை, ஓடிபி-யும் இல்லை. 21 இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண், அவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணை இரண்டாகப் பிரிக்க முடியுமா, முடியாதா என்ற ஒரே கேள்விக்கு முழு விடை கிடைக்க 259 ஆண்டுகள் ஆனது.

அந்த விடை கிடைத்த கதைக்கும், இன்று இணையத்தில் நாம் அனுப்பும் ரகசியங்கள் எப்படிப் பாதுகாக்கப்படுகின்றன என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய எண் இது?

நம்ம ஊர் முறையில் கமா போட்டு எழுதினால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்று வரும். வாயால் சொல்வதென்றால், சுமார் 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி.

ஒரு நொடிக்கு ஒன்று என்று 1, 2, 3 என எண்ணிக்கொண்டே போனால் இதை எட்ட சுமார் 4.67 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப் போல 300 மடங்குக்கும் மேல்!

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்த கட்டத்தில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டிப்பாக்கிக் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை நெல் வரும்? 2-ஐ 64 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்திருந்தால் மொத்த நெல் எண்ணிக்கை சரியாக இந்த எண்தான்.

அதாவது, 2-ஐ 67 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது இது. கணக்கில் சுருக்கமாக 2⁶⁷ − 1 என்று எழுதுவார்கள்.

ஸ்கூல் கணக்குப்படி சோதித்தால்?

ஒரு எண் 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதி இல்லாமல் வகுபடும் என்றால் அது பகா எண். 2, 3, 5, 7, 11 எல்லாம் அப்படிப்பட்டவை. வேறு எண்களாலும் வகுபட்டால் அது பகு எண். 15-ஐ 3 × 5 என்று பிரிக்கலாம் என்பதால் அது பகு எண்.

சரி, நம்ம 21 இலக்க எண் எந்த வகை?

பள்ளியில் படித்ததை வைத்தே தொடங்கலாம். கடைசி இலக்கம் 7. எனவே 2-ஆலும் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 109 வரும். 109, 3-ஆல் வகுபடாது என்பதால் இந்த எண்ணும் 3-ஆல் வகுபடாது.

11-க்கும் ஒரு சோதனை உண்டு. ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 63, இன்னொரு பக்கம் 46. வித்தியாசம் 17. அது 11-ஆல் வகுபடாததால் இந்த எண்ணும் வகுபடாது.

இப்படி 7, 13, 17, 19 என்று போய்க்கொண்டே இருக்கலாம். எதுவும் ஒத்து வராது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் 'வகுபடாது' என்றுதான் வரும். பார்ப்பவர்களுக்கு இது பகா எண் என்றே தோன்றும். இங்கேதான் ஒரு பெரிய மனிதரும் ஏமாந்தார்.

1644-ல் வெளியான பட்டியல்

மாரின் மெர்சென் பிரான்ஸ் நாட்டுத் துறவி. கணிதத்திலும் இசையிலும் ஆர்வம் கொண்டவர். தெகார்த்தே, ஃபெர்மா போன்ற அந்தக் கால அறிஞர்களோடு தொடர்ந்து கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்.

2-ஐப் பல முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் சில நேரம் பகா எண் வரும், சில நேரம் வராது. உதாரணத்துக்கு 2⁵ − 1 = 31. இது பகா எண். 2¹¹ − 1 = 2047. பார்க்க பகா எண் மாதிரியே இருக்கும். ஆனால் இது 23 × 89.

எத்தனை முறை பெருக்கினால் பகா எண் வரும்? 1644-ல் மெர்சென் தன் புத்தகத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரையிலான எண்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே பகா எண் வரும் என்பது அவர் கூற்று. இந்தப் பட்டியலின் காரணமாகவே இன்றும் இவ்வகை எண்களை 'மெர்சென் எண்கள்' என்று அழைக்கிறார்கள்.

பட்டியலில் 67 இருக்கிறது, கவனித்தீர்களா? அதாவது நம்ம 21 இலக்க எண் பகா எண் என்று அவர் சொல்லிவிட்டார். நிரூபணம் எதுவும் கொடுக்கவில்லை. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அதைச் சரிபார்ப்பது லேசுப்பட்ட வேலையும் இல்லை. அதனால் அந்தக் கூற்று 200 ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே நின்றது.

தேங்காயைத் தட்டிப் பார்த்த லூகாஸ்

1876-ல் பிரெஞ்சு கணித அறிஞர் எதுவார்ட் லூகாஸ் ஒரு அதிரடி முடிவைச் சொன்னார்: "2⁶⁷ − 1 பகா எண் இல்லை."

சரி, அப்படியென்றால் அதை எந்த எண்ணால் வகுக்கலாம்? அது அவருக்கும் தெரியாது!

குழப்பமாக இருக்கிறதா? கடையில் தேங்காய் வாங்கும்போது யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை. தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே முற்றியதா, இளசா என்று சொல்லிவிடுகிறோம். அதே மாதிரி, ஒரு எண்ணை உடைக்காமலேயே அது உடையக்கூடியதா என்று சொல்லும் சோதனையை லூகாஸ் கண்டுபிடித்தார். அதை 1930-ல் அமெரிக்கரான டெரிக் லெஹ்மர் எளிமையாக்கினார். இன்று அது 'லூகாஸ் – லெஹ்மர் சோதனை' என்று அழைக்கப்படுகிறது.

முறை ரொம்ப சிம்பிள். 4-ல் தொடங்க வேண்டும். அதை அதே எண்ணால் பெருக்கி, 2-ஐக் கழிக்க வேண்டும். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

31-ஐ எடுத்துக்கொள்வோம். அது 2-ஐ 5 முறை பெருக்கி வந்தது. எனவே 5-லிருந்து 2-ஐக் கழித்து, 3 முறை செய்தால் போதும்.

முதல் முறை: 4 × 4 − 2 = 14.
இரண்டாம் முறை: 14 × 14 − 2 = 194. இதை 31-ஆல் வகுத்தால் மீதி 8.
மூன்றாம் முறை: 8 × 8 − 2 = 62. இதை 31-ஆல் வகுத்தால் மீதி 0.

எனவே 31 பகா எண்.

இதே சோதனையை 2047-க்குச் செய்தால் 9 முறை செய்ய வேண்டும். கடைசியில் வரும் மீதி 1736. பூஜ்ஜியம் வரவில்லை, ஆகவே 2047 பகு எண். கவனியுங்கள், இந்தக் கணக்கில் 23, 89 என்ற எண்கள் எங்கேயும் தலைகாட்டவே இல்லை. 'உடையும்' என்று மட்டும் சொல்கிறது. 'எங்கே உடையும்' என்று சொல்வதில்லை.

நம்ம 21 இலக்க எண்ணுக்கு 65 முறை செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்ஜியம் வராது.

27 ஆண்டுகள் நீடித்த மர்மம்

இப்போது ஒரு வினோதமான நிலை. இந்த எண் இரண்டாகப் பிரியும் என்பது கணித உலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு எண்கள் எவை என்று யாருக்கும் தெரியாது. 1876-லிருந்து 1903 வரை, 27 ஆண்டுகள் இதே நிலைதான்.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் பேச வேண்டிய நேரம் வந்தது.

அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். நேராகக் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2-ஐ 67 முறை பெருக்கி 1-ஐக் கழித்து விடையை எழுதினார். இன்னொரு பக்கம் இரண்டு எண்களை எழுதி, கையாலேயே பெருக்கத் தொடங்கினார்.

193707721 × 761838257287

இரண்டு பக்கமும் வந்த விடை ஒன்றுதான்: 147573952589676412927. சாக்பீஸை வைத்துவிட்டு, மௌனமாகவே போய் உட்கார்ந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

பிற்காலத்தில் கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் எழுதியதன் மூலம் பிரபலமான சம்பவம் இது. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு, 'மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்' என்று கோல் பதில் சொன்னதாகவும் பெல் எழுதியிருக்கிறார். சொல்லச் சொல்ல இந்தக் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கோல் கண்டுபிடித்த விடையில் சந்தேகத்துக்கே இடமில்லை. யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள். சரிபார்க்கச் சில நிமிடங்கள். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் பாதுகாப்பின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

இருட்டில் தேடாமல் டார்ச் அடித்துத் தேடுவது எப்படி?

ஒரு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களைக் கையால் வகுத்துப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் மெர்சென் எண்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவற்றை வகுக்கக்கூடிய எண்கள் கண்டபடி வராது.

2¹¹ − 1-ஐப் பாருங்கள். 11-ஐ இரட்டிப்பாக்கினால் 22. இதை வகுக்கும் எண்களை 22-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 23-ஐ 22-ஆல் வகுத்தால் மீதி 1. 89-ஐ வகுத்தாலும் மீதி 1. கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதேபோல 67-ஐ இரட்டிப்பாக்கினால் 134. நம்ம எண்ணை வகுக்கும் எதையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 193707721 என்பது 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் வருவது. இந்த விதியால் தேட வேண்டிய எண்கள் சுமார் 14.45 லட்சமாகக் குறைகின்றன.

இன்னொரு விதியும் உண்டு. வகுக்கும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். அதனால் அதிலும் பாதி கழிந்துவிடும். கோல் இதையெல்லாம் தாண்டி மேலும் பல சல்லடைகளைப் போட்டுச் சலித்துத்தான் விடையைப் பிடித்தார்.

இந்த எண்ணின் 'பயோடேட்டா'

இதுவரை பார்த்ததோடு இன்னும் சில தகவல்களையும் சேர்த்து, இந்த எண் எந்தெந்த வகையில் வருகிறது என்று பட்டியலிடலாம்.

• ஒற்றைப்படை எண். 21 இலக்கங்கள்.

• மெர்சென் எண். ஆனால் மெர்சென் பகா எண் இல்லை.

• பகு எண். அதிலும் இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கல். இத்தகைய எண்களை 'செமிபிரைம்' என்பார்கள்.

• இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் நான்குதான்: 1, 193707721, 761838257287, பிறகு அந்த எண்ணேதான்.

• கம்ப்யூட்டர் பயன்படுத்தும் பைனரி முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக வரும். நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூட இருக்காது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

• குறைவெண். தன்னைத் தவிர்த்து, தன்னை வகுக்கும் எண்களைக் கூட்டினால் 762031965009 மட்டுமே வரும். சொந்த மதிப்போடு ஒப்பிட்டால் இது கொசுறு.

கைநழுவிய 'நிறைவெண்' பட்டம்

குறைவெண் இருந்தால் நிறைவெண்ணும் இருக்க வேண்டுமே? இருக்கிறது. 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தவிர்த்து, அதை வகுக்கும் எண்கள் 1, 2, 3. கூட்டினால் மீண்டும் 6. அடுத்தது 28. 1 + 2 + 4 + 7 + 14 = 28. இப்படிச் சரியாக நிரம்பி நிற்பவைதான் நிறைவெண்கள். மிக மிக அபூர்வமானவை.

2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் இதற்கு வழி சொன்னார். ஒரு மெர்சென் எண் பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும். 3-லிருந்து 2 × 3 = 6. 7-லிருந்து 4 × 7 = 28. 31-லிருந்து 16 × 31 = 496.

மெர்சென் சொன்னது உண்மையாக இருந்திருந்தால், நம்ம 21 இலக்க எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறந்திருக்கும். லூகாஸின் சோதனையோடு அந்த வாய்ப்பு போனது.

மெர்சென் பட்டியலில் இது ஒன்று மட்டும் தவறில்லை. 257-ம் தவறு. சேர்த்திருக்க வேண்டிய 61, 89, 107 விடுபட்டிருந்தன. மொத்தம் 5 பிழைகள். பட்டியல் முழுவதும் சரிபார்த்து முடிக்கப்பட்டது 1947-ல். அதாவது 303 ஆண்டுகள் கழித்து!

அதெல்லாம் சரி, இதனால நமக்கு என்ன?

இப்போது செல்போனுக்கு வருவோம்.

இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1903-ல் கோல் பட்ட பாடு இதுதான். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்தக் கஷ்டத்தையே பூட்டாக மாற்றினார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஆர்எஸ்ஏ' என்று பெயர்.

குட்டி உதாரணம் ஒன்று. 3, 11 என்ற இரண்டு பகா எண்களை ஒருவர் ரகசியமாக வைத்துக்கொள்கிறார். அவற்றின் பெருக்கல் 33-ஐயும், கூடவே 3 என்ற பூட்டு எண்ணையும் ஊரறிய வெளியிடுகிறார்.

நீங்கள் அவருக்கு 4 என்ற ரகசியத்தை அனுப்ப வேண்டும். 4-ஐ மூன்று முறை பெருக்கினால் 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31-ஐ அனுப்புகிறீர்கள். வழியில் யார் பார்த்தாலும் 31 மட்டும்தான் தெரியும்.

அவரிடம் 7 என்ற சாவி இருக்கிறது. 31-ஐ 7 முறை பெருக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 4 வரும். ரகசியம் திறந்துவிட்டது!

அந்த 7 எங்கிருந்து வந்தது? 3-லிருந்தும் 11-லிருந்தும் தலா ஒன்றைக் கழித்தால் 2, 10. பெருக்கினால் 20. பூட்டு எண் 3-ஐ எதால் பெருக்கினால், 20-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும்? 7-ஆல். 3 × 7 = 21. அதாவது, 33-ஐ 3 × 11 என்று உடைக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே சாவி கிடைக்கும்.

33-ஐ யாரும் உடைத்துவிடலாம். ஆனால் நடைமுறையில் பயன்படுத்தும் 2048 பிட் பூட்டில் இருப்பது 617 இலக்க எண். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள், டிஜிட்டல் கையொப்பங்கள் என ஆர்எஸ்ஏ பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. வேறு வகைக் கணிதக் கஷ்டத்தை வைத்து உருவான பூட்டுகளும் இப்போது ஏராளமாகப் பயன்படுகின்றன.

பூட்டு உடைந்த கதைகள்

கோல் சிரமப்பட்டு உடைத்த 21 இலக்க எண்ணை இன்றைய சாதாரண செல்போன் கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். எனவே எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

1977-ல் ஆர்எஸ்ஏ அறிமுகமானபோது, 129 இலக்க எண் ஒன்று சவாலாக வெளியிடப்பட்டது. பரிசு 100 டாலர். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 17 ஆண்டுகள்தான் தாங்கியது. 1994-ல் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இணையம் வழியாகச் சேர்த்து வேலை வாங்கி, சுமார் 8 மாதங்களில் அதை உடைத்தார்கள்.

2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைக்கப்பட்டது. பல ஆயிரம் பிராசசர்கள் பகிர்ந்து செய்த அந்த வேலையை, ஒரே ஒரு பிராசசர் கோர் தனியாகச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். சவாலாக வெளியிடப்பட்ட 617 இலக்க எண்ணை இதுவரை யாரும் உடைக்கவில்லை.

அந்த 617 இலக்க எண் உடையக்கூடியது என்பது உலகத்துக்கே தெரியும். எங்கே உடையும் என்பதுதான் தெரியாது. 1876-க்கும் 1903-க்கும் நடுவில் நம்ம 21 இலக்க எண் இருந்த அதே நிலை!

கான்பூரில் நடந்த சாதனை

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு. ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்க லூகாஸின் முறை மெர்சென் எண்களுக்கு மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும். எல்லா எண்களுக்கும், சந்தேகமே இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் முடிவு சொல்லும் முறை இருக்கிறதா என்பது நீண்ட காலக் கேள்வி.

2002-ல் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 'இருக்கிறது' என்று நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். அவர்கள் மூவரின் பெயர்களால் அது 'ஏகேஎஸ் சோதனை' என்று அழைக்கப்படுகிறது.

அப்படியென்றால் ஆர்எஸ்ஏ பூட்டு உடைந்துவிட்டதா? இல்லை. ஏகேஎஸ் சோதனையும் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற வகைதான். பகு எண் என்று சொல்லும், காரணிகளைக் காட்டாது. உடையுமா என்று அறிவது சுலபம், உடைப்பது கஷ்டம் என்ற இடைவெளி அப்படியே இருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு நிரந்தரமா?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெரிய எண்களை வேகமாக உடைக்க வழியே இல்லை என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வழி கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

1994-ல் அமெரிக்கக் கணித அறிஞர் பீட்டர் ஷோர், குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற வேறு வகைக் கணினி போதுமான அளவில் உருவானால் இந்த வேலையை வேகமாக முடித்துவிடலாம் என்று காட்டினார். இன்றைய குவாண்டம் கம்ப்யூட்டர்களால் 617 இலக்க எண்ணைத் தொட முடியாது. ஆனால் இன்று திருடிச் சேமித்து வைக்கும் ரகசியத் தகவல்களை நாளை உடைத்துப் படிக்கலாம் என்ற கவலை இருக்கிறது.

அதனால்தான் எண்களை உடைப்பதை நம்பியிராத புதிய பூட்டு முறைகளுக்கான மூன்று தரநிலைகளை அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பழைய பூட்டுகளிலிருந்து புதியவற்றுக்கு மாறும் வேலை உலகம் முழுவதும் தொடங்கியிருக்கிறது.

வேட்டை இன்னும் முடியவில்லை

மெர்சென் தொடங்கி வைத்த பகா எண் வேட்டை இன்றும் தொடர்கிறது. 1996-ல் தொடங்கப்பட்ட 'ஜிம்ப்ஸ்' என்ற கூட்டு முயற்சியில், உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இதற்காக ஓடவிடுகிறார்கள்.

2024 அக்டோபரில் லூக் டியூரண்ட் என்ற அமெரிக்கர் இதன் மூலம் ஒரு புதிய மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் எண் அது. மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். இது 52-ஆவது மெர்சென் பகா எண். அது உண்மையிலேயே பகா எண்தான் என்பதை உறுதிசெய்யப் பயன்பட்டது எது தெரியுமா? லூகாஸின் வழியில் வந்த அதே லூகாஸ் – லெஹ்மர் சோதனை!

இவ்வளவு பெரிய பகா எண்ணைப் பூட்டுக்குப் பயன்படுத்த மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த எண் சாவியாகாது. அங்கே வேண்டியது யாருக்கும் தெரியாத, சில நூறு இலக்கங்கள் கொண்ட பகா எண்கள்.

மெர்சென் நம்பினார், லூகாஸ் சந்தேகித்துச் சோதித்தார், கோல் உடைத்துக் காட்டினார். உடையும் என்று தெரிந்தும் எங்கே என்று தெரியாமல் இருந்த அந்த 27 ஆண்டு இடைவெளியைத்தான் இன்று பூட்டாகப் பயன்படுத்துகிறோம். அடுத்த முறை செல்போனில் ஒரு ரகசியத் தகவலை அனுப்பும்போது, அதற்குப் பின்னால் யாராலும் இதுவரை உடைக்க முடியாத ஒரு எண் காவல் நிற்கலாம்.